அருகாமை காலர்: நரிக் குடும்பங்களில் நோயைத் தேடிய ஒரு கால்நடை மருத்துவரின் மதிப்பீடு

ஒரு விலங்கு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, கழுத்துப் பட்டையாக மாட்டும் ரேடியோ காலர் இருக்கிறது. நான் இங்கே எழுதுவது அதன் உறவுக்காரக் கருவியான அருகாமை காலரைப் பற்றி. இது இடத்தைச் சொல்லாது. இந்த விலங்கு எந்த விலங்கின் பக்கத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். தொற்றுநோயைத் துரத்துபவருக்குத் தேவையானது பெரும்பாலும் இதுதான்.

செந்நரிகளில் சொறி நோய் குடும்பத்துக்குள் எப்படிப் பரவுகிறது, ஒரு குடும்பத்திலிருந்து அடுத்த குடும்பத்துக்கு எந்த வழியாகப் போகிறது என்று அறியும் பணியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அதற்காக ஒரு தொகுதி அருகாமை காலர்களை வாங்கிப் பல பருவங்கள் பயன்படுத்தினோம். ஆய்வு மாணவர்களும் வனத்துறை நண்பர்களும் "வாங்கலாமா?" என்று தொடர்ந்து கேட்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயர் இதில் வராது. குறைகளில் ஒன்றிரண்டு அவர்களுடையவை. மற்றவை இந்த வகைக் கருவி எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு காலரும் சில நொடிகளுக்கு ஒரு முறை தன் அடையாள எண்ணை மெல்லிய ரேடியோ சிக்னலாக வெளியே விடுகிறது. பக்கத்தில் வரும் இன்னொரு காலர் அதைக் கேட்டு, யார், எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. எவ்வளவு தூரத்துக்குள் வந்தால் "சந்திப்பு" என்று கொள்ள வேண்டும் என்பதை, சிக்னலின் பலத்தை மாற்றி நாமே அமைக்கலாம். சொறி நோய் நேரடியாகத் தொற்றத் தோல் தோலோடு உரச வேண்டும். ஆகவே எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கினோம்.

ஜிபிஎஸ் காலர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடத்தைக் குறிக்கும் கருவி, நடுவில் இரண்டு நரிகள் மூக்கோடு மூக்கு உரசிப் பிரிந்ததை அறியாது. வளைக்குள் போய்விட்டால் செயற்கைக்கோளும் கைவிட்டுவிடும். நரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதோ வளைக்குள்தான்.

இந்தக் கருவி வருவதற்கு முன் விலங்குகளின் சமூகத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருந்த பலவற்றை இது புரட்டிப் போட்டிருக்கிறது. அந்த மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வாழும் ஊன் உண்ணியான டாஸ்மேனியன் டெவில் தனித்துத் திரியும் விலங்கு என்றே பெயர் எடுத்தது. 1996இல் அதன் முகத்தில் தோன்றும் புற்றுநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஒன்றையொன்று கடிக்கும்போது புற்றுச்செல்களே ஒட்டிக்கொண்டு பரவும் விசித்திரமான நோய் அது. பின்னர் ஆய்வாளர்கள் 27 டெவில்களுக்கு அருகாமை காலர் மாட்டினார்கள். 2009இல் வெளிவந்த முடிவில் அந்த 27ம் ஒரே வலையில் இணைந்திருந்தன. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் எட்டிவிடலாம் என்ற நிலை. "தனித்த விலங்கு" என்ற பெயரை வைத்து நோயை எடைபோட்டிருந்தால் கணக்கு அடியோடு தவறியிருக்கும். வட அமெரிக்க ரக்கூன்களிலும் இதே கதைதான். தனிமை விரும்பிகள் என்று எண்ணப்பட்டவை, காலர் பதிவுகளில் நெருக்கமாகப் பின்னப்பட்ட வலையாக வெளிப்பட்டன. ரேபிஸ் தடுப்பூசித் திட்டம் தீட்டுபவருக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

ரத்தம் குடிக்கும் வௌவால்களின் சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். பெலிஸ் நாட்டில் 31 வௌவால்களைப் பிடித்து, ஏறக்குறைய பாதிக்கு உண்மையான கிருமி ஏதுமின்றி நோய் உணர்வை மட்டும் உண்டாக்கும் பொருளை ஊசி வழியே செலுத்தினார்கள். மீதிக்கு வெறும் உப்புநீர். முதுகில் சிறிய உணரியை ஒட்டி, திரும்ப அவற்றின் மரப்பொந்திலேயே விட்டார்கள். 2020இல் வெளியான அந்த முடிவின்படி, சோர்வுற்ற வௌவால்கள் முதல் ஆறு மணி நேரத்தில் சராசரியாக நான்கு துணைகளைக் குறைவாகச் சந்தித்தன. யாரும் அவற்றை விரட்டவில்லை. உடல் சோர்ந்ததால் அவையே ஒதுங்கின. இருட்டுப் பொந்துக்குள் நடந்த இந்த மாற்றத்தை நொடிக்கணக்கில் காட்ட வேறு எந்தக் கருவியாலும் முடிந்திருக்காது.

இனி எங்கள் அனுபவம்.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, காலர்களை ஒன்றுக்கொன்று சரிபார்ப்பது. ஒரே அமைப்பில் வைத்த இரண்டு காலர்கள் ஒரே தூரத்தில் பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்று முன்னதாகவே கேட்கும், மற்றொன்று ஒட்டி வந்தால்தான் கேட்கும். ஆகவே "அ" நரியின் காலரில் "ஆ"வைச் சந்தித்ததாகப் பதிவு இருக்கும். "ஆ"வின் காலரில் அந்தச் சந்திப்பே இருக்காது. இது பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டாம், இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பே அப்படி. நரியின் உடலில் பெரும்பகுதி நீர். இந்த அலைவரிசையை நீர் உறிஞ்சிவிடும். கழுத்தை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு படுத்திருக்கும் நரியின் காலர் பாதி ஊமையாகிவிடுகிறது. நனைந்த ரோமம் அதை இன்னும் மோசமாக்குகிறது. அதனால் நீர் நிரப்பிய புட்டிகளில் காலரைக் கட்டி, வெவ்வேறு கோணங்களில் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். வெறும் மேசை மேல் வைத்து எடுத்த அளவுகள் களத்தில் உதவுவதில்லை.

அடுத்தது, ஒரே சந்திப்பு துண்டு துண்டாகப் போவது. இரவு முழுவதும் ஒன்றாகப் படுத்திருந்த இரு நரிகளின் பதிவு, பல பத்து குறுஞ்சந்திப்புகளாக உடைந்து வரும். சிக்னல் இடையில் அறுந்தால் எத்தனை நொடி பொறுத்துப் பதிவை மூட வேண்டும் என்ற அமைப்பு இருக்கிறது. அதைக் கூட்டினால் ஓரளவு சரியாகும். மிகக் கூட்டினால் இரண்டு தனிச் சந்திப்புகள் ஒன்றாகிவிடும். ஒரே நொடி நீடித்த பதிவுகளைப் பலர் நீக்கிவிடுகிறார்கள். நாங்களும் நீக்கினோம். எத்தனை முறை சந்தித்தன என்பதைவிட மொத்தம் எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தன என்பதையே நம்புங்கள். மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்.

கடிகாரத்தைப் பற்றிய என் மனத்தாங்கலும் இருக்கிறது. எங்களுக்கு வந்த தொகுதியில் சில காலர்களின் கடிகாரம் மெல்ல மெல்ல விலகிப்போனது. யார் யாரைச் சந்தித்தார் என்பதையே பதிவு செய்யும் கருவியில் நேரம் விலகினால், இரு பக்கப் பதிவுகளையும் பொருத்திப் பார்ப்பது பெரும் தலைவலி. நிறுவனத்துக்கு எழுதினோம். பதில் வந்தபோது அந்தப் பருவமே முடிந்திருந்தது. விலகலைத் திருத்தும் வழியைக் கையேட்டில் ஒரு பக்கம் எழுதியிருந்தாலே போதும்; அந்தப் பக்கம் இல்லை. நிலையான ஒரு பதிவு நிலையத்தை நரிகள் அடிக்கடி வரும் இடத்தில் வைத்து, அதன் நேரத்தோடு ஒப்பிட்டு நாங்களே திருத்திக்கொண்டோம்.

எடை, பொருத்தம், கழன்று விழும் ஏற்பாடு ஆகிய மூன்றும் திருப்தியே. உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய விதி. மூன்று சதவீதத்துக்குள் வைப்பதே நல்லது என்பது என் கட்சி, வயது வந்த செந்நரிக்கு அது முடிந்தது. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: சொறி முற்றிய விலங்குக்குக் காலர் மாட்டாதீர்கள். ரோமம் உதிர்ந்து தடித்து வெடித்த தோலில் பட்டை உரசும். ஆராய்ச்சிக்கு எவ்வளவு தேவையானாலும் அந்த நரி ஏற்கெனவே படும் பாடு போதும். தொடக்க நிலையில் இருப்பதற்கு மாட்டலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே நெடிய விவாதம் நடந்தது. மாட்டினோம், கேமரா வைத்துக் கண்காணித்தபடி.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். அருகாமை காலர் நெருக்கத்தை அளக்கிறது. உறவை அளக்கவில்லை. நோயோ உறவைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

செந்நரியின் குடும்பத்தைப் பாருங்கள். ஓர் இணை; அதோடு முந்தைய ஆண்டுகளில் பிறந்து வீட்டைவிட்டுப் போகாத மகள்கள். தாய் அடுத்த ஈற்றுக் குட்டிகளை ஈன்றதும் இந்த அக்காமார் இரை கொண்டுவந்து தருகிறார்கள், குட்டிகளைச் சுத்தம் செய்கிறார்கள், காவல் இருக்கிறார்கள். எங்கள் பதிவுகளில் இரவெல்லாம் நீண்ட சந்திப்புகள் தாய்க்கும் இந்த மகள்களுக்கும் இடையிலேயே இருந்தன. அண்டைக் குடும்பங்களோடு சந்திப்புகள் குறைவு, குறுகியவை, குளிர்கால இணைசேரும் பருவத்தில் மட்டும் கூடின. இது வரை காலர் அருமை.

தாய்க்குச் சொறி வந்தபோது? மகள் விலகுகிறாளா, கூடவே படுக்கிறாளா? ஒரு குடும்பத்தில் மகள் விலகவே இல்லை. காலர் அதைக் காட்டியது. ஆனால் அது மகள் என்பதைக் காலர் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுத்தபோது எடுத்து வைத்த ரோமத்தின் டிஎன்ஏ சொன்னது. ரோமம் எடுக்காமல் விட்டிருந்தால் "இரண்டு பெண் நரிகள் நெருக்கமாக இருந்தன" என்ற வரியோடு எங்கள் அறிக்கை நின்றிருக்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் காபோன் நாட்டின் மாண்ட்ரில் குரங்குகளிடம் பார்க்கலாம். குடல் ஒட்டுண்ணி உள்ள துணைக்குப் பேன் பார்ப்பதை அவை தவிர்க்கின்றன. எச்சத்தின் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுகின்றன. மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை நீக்கியதும் மறுபடி பேன் பார்க்க வருகின்றன. இது 2017இல் வந்த ஆய்வு. அதே கூட்டத்தைப் பற்றி 2020இல் வந்த அடுத்த ஆய்வு என்னை உலுக்கியது. தாய், பிள்ளை, ஒரே தாய் வயிற்றுப் பிறப்புகள் ஆகியவை மட்டும் இந்த விலக்கத்தைக் கடைப்பிடிப்பதில்லை. நோய் இருந்தாலும் பேன் பார்க்கின்றன. ஊரே ஒதுக்கினாலும் தாய் ஒதுக்குவதில்லை. அப்படியென்றால் நோய் வந்த பிறகு சமூக வலை ஒரே சீராகச் சுருங்குவதில்லை. வெளி இழைகள் அறுகின்றன, இரத்த உறவின் இழைகள் நிற்கின்றன. கிருமிக்குத் திறந்திருக்கும் பாதை அது.

இங்கிலாந்தின் வுட்செஸ்டர் பார்க்கில் பல பத்தாண்டுகளாகக் கவனிக்கப்பட்டுவரும் பேட்ஜர்களிடமும் (வளை தோண்டிக் குழுவாக வாழும் பாலூட்டிகள்) இது தெரிந்தது. காசநோய் உள்ள வயது வந்த விலங்கு இருக்கும் குழுவில் பிறந்த குட்டிக்கு ஆபத்து அதிகம் என்பது எதிர்பார்க்கக் கூடியதே. நோயுற்ற விலங்கு அந்தக் குட்டிக்கு நெருங்கிய இரத்த உறவாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது என்று 2016இல் கண்டறிந்தார்கள். அதே இடத்தில் அருகாமை காலர் மாட்டிச் செய்த 2013ஆம் ஆண்டு ஆய்வு வேறொன்றைச் சொன்னது: சோதனையில் காசநோய்த் தொற்று தெரிந்த பேட்ஜர்கள் தம் குழுவுக்குள் ஒதுங்கியும், மற்றக் குழுக்களோடு அதிகம் தொடர்புகொண்டும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகிறது. ஒன்று காலரால் கிடைத்தது, மற்றது மரபணுவால்.

அந்தக் குட்டியைக் காலர் காணவே காணாது. வளரும் கழுத்தில் பட்டை மாட்ட முடியாது. இறுகி மூச்சை அடைத்துவிடும். விரியும் பட்டைகள் மான் கன்று போன்றவற்றுக்கு வருகின்றன. வளைக்குள் ஒன்றையொன்று கடித்துப் புரளும் நரிக்குட்டிகளுக்கு அதை மாட்டும் துணிவு எனக்கில்லை. ஆக, குடும்பத்திலேயே மிக நெருக்கமான தாய்-குட்டி உறவு, அதிக நேரம் தோலோடு தோல் ஒட்டியிருக்கும் உறவு, யார் யாரைச் சந்தித்தார் என்று காட்டும் நம் வலைப்படத்தில் வெற்றிடமாகவே இருக்கிறது. வலைப்படத்தை வரைந்து "இந்த விலங்குதான் மையம்" என்று சுட்டிக்காட்டும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, குட்டிகள் எங்கே என்றுதான். வட அமெரிக்க மலைகளின் பெருங்கொம்பு ஆடுகளில் நிமோனியாக் கிருமியைச் சுமக்கும் தாய் நன்றாகவே நடமாடும். குட்டிகள்தான் கூட்டம் கூட்டமாகச் சாகும். பெரியவற்றுக்கு மட்டும் காலர் மாட்டி அந்த நோயை ஆராய்ந்தால் சாவு நடக்கும் இடமே பதிவில் இருக்காது.

திசையும் தெரியாது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைவனத்தில் கூட்டமாக வாழும் சிறு விலங்குகளான மீர்கேட்டுகளில் காசநோய் ஆபத்து, பிறரால் சுத்தம் செய்யப்படுபவற்றைவிடப் பிறரைச் சுத்தம் செய்பவற்றுக்கே அதிகம் என்று கண்டார்கள். யார் யாருக்குச் செய்தது என்பது காலருக்கு ஒன்றே. கடித்ததா, நக்கியதா, வெறுமனே பக்கத்தில் படுத்ததா என்பதும் அதற்கு ஒன்றே.

சந்திக்காமலே பரவும் வழிகளும் உண்டு. சொறியை உண்டாக்கும் நுண்ணுண்ணி, குளிர்ச்சியும் ஈரமும் உள்ள வளையில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு நரி காலி செய்த வளைக்கு அடுத்த நரி குடிவந்தால் இருவரும் முகம் பார்க்காமலே நோய் கைமாறுகிறது. இதற்கு நிறுவனத்திடம் தனியாகக் கிடைக்கும் நிலையான பதிவுப்பெட்டி கைகொடுக்கிறது. வளை வாயிலில் புதைத்து வைத்தால் யார் வந்தார், எப்போது போனார் என்று குறிக்கும். எங்கள் தொகுதியில் மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால் காலரைவிட இந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். காலர் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா, நோயுற்ற விலங்குகளைக் கொன்றுவிட்டால் முடியாதா என்று அதிகாரிகள் சிலர் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இங்கிலாந்தின் பேட்ஜர் ஒழிப்புச் சோதனையைச் சொல்வது வழக்கம். மாடுகளின் காசநோயைக் கட்டுப்படுத்த 1998 முதல் 2005 வரை சுமார் 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. கொன்ற பகுதிக்குள் மாடுகளின் காசநோய் குறைந்தது. அதை ஒட்டிய சுற்றுப்பகுதியில் கூடியது. குடும்பங்கள் சிதைந்ததும், பிழைத்தவை எல்லைகளைத் தாண்டி அலைந்து புதியவற்றோடு கலந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உறவு வலையைப் பார்க்காமல் கை வைத்தால் நடப்பது இது.

உறவு நோயைப் பரப்புகிறது என்று மட்டும் முடிவு கட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் சொறி பிடித்த ஓநாய்களைப் பின்தொடர்ந்தபோது, நலமான கூட்டாளிகள் நிறைய உள்ள கூட்டத்தில் இருந்த நோயுற்ற ஓநாய், அப்படி இல்லாததைவிட நன்றாகப் பிழைத்தது. ரோமம் இழந்து குளிரில் சக்தி கரையும் விலங்குக்குக் கூட்டம் பிடித்த இரை உயிர் தருகிறது. எங்கள் நரி மகள் தாயோடு படுத்ததைப் பார்த்து "தொற்றுப் பாதை" என்று மட்டும் எழுத எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம். அவள் கொண்டுவந்த இரையும் அந்தப் பதிவுக்குள் இருக்கிறது. கேமராவில்தான் அது தெரிந்தது.

யாருக்கு இது ஏற்றது? நோய் நேரடித் தொடர்பால் பரவுவது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பகுதியின் வயது வந்த விலங்குகளில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க முடிய வேண்டும். கால்வாசிக்கு மட்டும் மாட்டினால் வரும் வலைப்படம் ஏமாற்றும், ஏனென்றால் காலர் இல்லாத விலங்கோடு நடந்த சந்திப்பு எங்கும் பதிவாகாது. ரோமமோ இரத்தமோ எடுத்து உறவுமுறையைச் சோதிக்கும் ஆய்வகமும், மாதக்கணக்கில் கேமராப் படங்களைப் பார்க்கும் ஆள்களும் வேண்டும். இவை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இவற்றில் ஒன்றும் இல்லாமல் காலர் மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால், அந்தப் பணத்தை முதலில் கேமராவிலும் டிஎன்ஏ சோதனையிலும் போடுங்கள்.

வாங்குபவர்கள் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு காலருக்கும் தனித்தனியான தூரச் சோதனை முடிவு, கடிகார விலகலின் அளவு, பேட்டரி குறையும்போது சிக்னல் பலமும் குறையுமா என்ற விவரம், களத்திலிருந்தே பதிவுகளைத் தொலைவிலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதி ஆகியவை. கடைசியாகச் சொன்னது இல்லாத மாதிரியை வாங்கவே வேண்டாம். காலரைத் திரும்பக் கைப்பற்றினால்தான் தரவு கிடைக்கும் என்றால், நோயில் இறந்து வளைக்குள்ளேயே கிடக்கும் நரியின் பதிவு அதனோடே போய்விடும். நமக்கு மிகவும் தேவைப்பட்டது அந்த நரியின் பதிவுதான்.